பழகின கல்லில் தோசை ஒட்டும்போது

எவர்சில்வர் டம்ளரின் அடியை வைத்து, ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பின் மேல் என் நைனா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஊன்றி, உள்ளிருந்து வெளியே, வட்டம் வட்டமாக. ஒரு வட்டம் முடிந்ததும் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்ப்பார். எழும்பாது. "கல்லு காயலம்மா, தீயை ஏத்து" என்பார் என்னிடம். ஏழு வருஷமாக நடுங்கிய வலது கை அது. மடியில் சும்மா கிடக்கும்போதுதான் அதற்கு நடுக்கம்; வேலை கொடுத்தால் அடங்கும். அன்றைக்கு அவர் வார்த்த வட்டங்கள் அத்தனையும் ஒரே அளவு.

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருபத்தெட்டு வருஷம் டிபன் கடை வைத்திருந்தவர். பி அண்டு சி மில் ஓடிய காலத்தில் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள்தான் கூட்டம். 1996இல் மில் மூடியபிறகு ஹார்பர் வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், காலேஜ் பசங்க. இருபது பேர் ஆர்டரை எழுதாமல் மனசில் வைத்துக்கொண்டு, யாருக்கு வெங்காயம் ஆகாது என்பதுவரை சரியாகப் போடுவார். 2016இல் பார்க்கின்சன் என்று சொன்னதும் கடையை விட்டார். அதன்பிறகும் மூளை மங்கவில்லை. தினத்தந்தி முழுக்கப் படிப்பார், வாடகைக் கணக்கு பார்ப்பார்.

பக்கத்துப் படுக்கைக்குத் துணையாக வந்திருந்த அம்மா ஆறுதலாகத்தான் சொன்னார்: "வயசாயிடுச்சில்ல, இந்த நோய் முத்தினா இப்படித்தாம்மா." அன்று ராத்திரி நாங்களும் அதையே நம்பினோம். அவருக்கு வந்தது நோயின் முற்றல் இல்லை. அதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். காய்ச்சலில் உளறுகிறவரைப் பார்த்து நம் பாட்டிமார்கள் 'ஜன்னி கண்டுடுச்சி' என்பார்களே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். மூளையின் வேலை சில மணி நேரத்தில், மிஞ்சினால் இரண்டு மூன்று நாளில் கலைந்துபோகும். கவனம் ஒன்றில் நிற்காது. காலையில் தெளிவாக இருப்பவர் விளக்கு வைக்கும் நேரத்தில் வேறு ஆளாகிவிடுவார். காரணம் பெரும்பாலும் தலைக்கு வெளியே இருக்கும்: சிறுநீரில் கிருமி, உடம்பில் நீர் வற்றல், மலச்சிக்கல், புதிதாகப் போட்ட ஒரு மாத்திரை. மறதி நோய் வருஷக்கணக்கில் நடந்து வரும். இது ஒரே ராத்திரியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

பார்க்கின்சன் உள்ளவர்களை இது ஏன் இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிறது, போனபிறகும் ஏன் எதையோ எடுத்துக்கொண்டு போகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர் மகளுக்கு எதுவும் கடை வழியாகத்தான் புரியும். அப்படியே சொல்கிறேன்.

எண்ணெய்

மாவு நல்ல மாவு. தீ சரியான தீ. வார்க்கிறது தேர்ந்த கை. எண்ணெய் மட்டும் இல்லை. தோசை வராமல் போகாது, ஆனால் ஒட்டும், கிழியும், ஒவ்வொன்றுக்கும் நேரமாகும். பார்க்கின்சனில் கை காலுக்கு நடப்பது இதுதான். நடக்கத் தெரியும், தசையில் வலுவும் இருக்கிறது, முதல் அடிதான் தரையை விட்டு எழும்பாது. சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆகும்.

அந்த எண்ணெயின் பெயர் டோபமின். மூளைத்தண்டின் மேல்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கருந்திட்டுகள் உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள்தான் அதைச் சுரந்து, அசைவைத் தொடங்கிவைக்கிற இடங்களுக்கு அனுப்புகின்றன. இந்த நோயில் அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கை நடுங்குகிறதே என்று டாக்டரிடம் போகிற நாளில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். டின்னில் பாதி இருக்கிறவரை எந்தக் கடையும் எண்ணெய்க் குறையை வெளியே காட்டாது.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை ஆறு பேரை வைத்து விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. புலன்களும் புத்தியும் கெடுவதில்லை என்று எழுதினார். அந்தக் கருத்து வெகுகாலம் நின்றது. இன்றைக்கும் நம் வீடுகளில் இதைக் கை நடுங்குகிற நோயாக மட்டும்தான் பார்க்கிறோம். அதனால்தான் புத்தி கலங்கும்போது திகைத்துப் போகிறோம்.

எள்ளும் செக்கும்

எண்ணெய் குறைந்தால் எண்ணெய் ஊற்ற வேண்டியதுதானே? டோபமினை அப்படியே கொடுத்தால் மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு அதை விடாது. ஆனால் எள்ளை விடும். லெவோடோபா மாத்திரை அந்த எள். தடுப்பைத் தாண்டி உள்ளே போய், மூளையின் செக்கில் ஆட்டப்பட்டு அங்கேயே எண்ணெயாகிறது. சிக்கல் என்னவென்றால் வழியெங்கும் செக்குதான்: குடலில், ஈரலில், உடம்பு முழுக்க. மூட்டை போய்ச் சேர்வதற்குள் பெரும்பங்கு தெருவிலேயே ஆட்டப்பட்டுவிடும். அந்தத் தெரு எண்ணெய் மூளைக்குப் பயன்படாது, குமட்டலைத்தான் தரும். அதற்காகவே ஒரே மாத்திரையில் கார்பிடோபாவையும் சேர்க்கிறார்கள். அது தெருச் செக்குகளை மட்டும் பூட்டிவைக்கும். தடுப்பைத் தாண்டாது என்பதால் உள்ளே இருக்கிற செக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் ஊர் மூலிகை ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தி வேரில் கிடைக்கிற ரெசர்பின் மருந்தை 1957இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் படுத்துவிட்டன. டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்துவிட்டன. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எள் சீக்கிரம் தீர்ந்துபோகும். ரத்தத்தில் சேர்ந்தது ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். அதனால்தான் நைனாவுக்குக் காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு என்று நாலு வேளை. நுழைகிற வாசலும் குறுகல். பருப்பு, முட்டை, மீனிலிருந்து வருகிற புரதத் துணுக்குகளும் அதே வாசலில் முண்டும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை. வயிறு மந்தமாகி மலம் கட்டிக்கொண்டால் எள் மூட்டை வண்டியை விட்டே இறங்காது. மாத்திரை போட்டும் ஏன் கேட்கவில்லை என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிற நாட்களில் பல இப்படிப்பட்டவை.

எண்ணெய் சமாசாரம் அசைவைத்தான் விளக்குகிறது. டெலிரியத்துக்கு இன்னொரு ஆளைப் பார்க்க வேண்டும்.

ஆர்டர் கேட்கிற ஆள்

எங்கள் கடையில் அது என் அம்மா. பெஞ்சுகளுக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் நிற்பார். வெளியே லாரி ஹாரன், ரயில் போகிற சத்தம், டீக்கடை ரேடியோ, நாலு பேர் சண்டை. இவ்வளவுக்கும் நடுவில் 'ரெண்டு செட்டு, ஒரு கல் தோசை, வடகறி தனியா' என்பதை மட்டும் பிரித்தெடுத்து நைனா காதில் போடுவார். அம்மாவுக்கு உடம்பு முடியாத நாட்களிலும் நைனாவின் தோசை ருசி குறையாது. யாருக்கு எது என்பதுதான் கலைந்துபோகும். கேட்காதவனுக்கு முட்டை தோசை போகும், கேட்டவன் காத்துக் கிடப்பான். ரேடியோவில் வந்த பேச்சை ஆர்டர் என்று நினைத்து ஒருதரம் நைனா தோசையே வார்த்துவிட்டார்.

டெலிரியத்தை எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. அறிவு போகவில்லை. கை பழக்கம் போகவில்லை. வேண்டிய சத்தத்தையும் வேண்டாத சத்தத்தையும் பிரிக்கிற ஆள்தான் இடத்தில் இல்லை. படுக்கை விரிப்பு தோசைக்கல்லாகத் தெரிவது அதனால்தான். ஃபேனின் சத்தம் அடுப்பின் சத்தமாகிவிடுகிறது.

மூளையில் அந்த ஆளின் வேலையைப் பெரிதும் செய்வது அசிட்டைல்கோலின் என்ற பொருள். முன்மூளையின் அடியில் ஒரு அணுக்கூட்டம் அதைச் சுரந்து மேற்பரப்பு முழுக்க அனுப்புகிறது. கவனம், விழிப்பு இரண்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பார்க்கின்சனில் இந்த அணுக்களும் தேய்கின்றன. எண்ணெய்க் குறை நடையில் தெரிந்துவிடும். ஆர்டர் கேட்கிற ஆள் மெலிந்துகொண்டு வருவது வெளியே தெரியாது. சாதாரண நாளில் அந்த மெலிந்த ஆளும் சமாளித்துவிடுவார். கூட்டம் முட்டுகிற நாளில்தான் உட்கார்ந்துவிடுவார்.

அவர் காதில் பஞ்சு வைக்கிற மாத்திரைகளும் உண்டு. சளி, தும்மலுக்கு மெடிக்கல் ஷாப்பில் எடுத்துக் கொடுக்கிற குளோர்பெனிரமின், அரிப்புக்குப் போடுகிற அவில், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தருகிற ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்கே தருகிற டிரைஹெக்சிஃபெனிடில், எல்லாம் அசிட்டைல்கோலினை மறிப்பவை. இளவயதுக்காரருக்கு வாய் உலர்ந்து தூக்கம் வருவதோடு போகும். எழுபது வயது பார்க்கின்சன்காரருக்கு ஒரே ஒரு சளி மாத்திரை போதும். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்து ரொம்ப நாளாகப் போட்டுவருகிற மாத்திரை என்றால் நாமாக நிறுத்தவும் கூடாது. அவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் மிளகாய்

மூத்திரப்பையில் கிருமி, குழப்பம் தலையில். இது எனக்கு விளங்கவே இல்லை. பிறகு எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கை நினைத்துப் பார்த்தேன். கீழ்வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று மாடிக்கும் இருமல். நம் அடுப்பைப் பற்றவே வைத்திருக்க மாட்டோம், நெடி மட்டும் வந்து தொண்டையைப் பிடிக்கும். உடம்பின் ஒரு மூலையில் கிருமி புகுந்தால், அதோடு சண்டை போடுகிற அணுக்கள் ரத்தத்தில் அழற்சிப் பொருட்களைக் கலக்கின்றன. அந்த நெடி மூளைவரை ஏறுகிறது. கிருமி ஏற வேண்டியதில்லை.

அதே நெடிக்கு எல்லோரும் ஒரே மாதிரி இருமுவதும் இல்லை. ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர் தவித்துப்போவார். மூளைக்குள் காவலும் துப்புரவும் பார்க்கிற மைக்ரோக்ளியா என்கிற அணுக்கள், நரம்பணு அழிகிற நோய்களில் ஏற்கெனவே உசுப்பேறிக் கிடக்கின்றன. சின்ன நெடி பட்டாலும் பெரிய ரகளை செய்கின்றன. அந்த ரகளை நடக்கிற இடத்தில்தான் மெலிந்துபோன ஆர்டர்காரர் நின்றுகொண்டிருக்கிறார்.

இதோடு கேஸும். மூளையின் எடை உடம்பில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. நீர் வற்றி ரத்த அழுத்தம் இறங்கினாலும், ஆக்சிஜனோ சர்க்கரையோ குறைந்தாலும் முதலில் தடுமாறுவது அதுதான். சிலிண்டர் தீருகிற நேரத்தில் அடுப்பு அணைந்தே போய்விடாது. ஏறும், இறங்கும், ஒரு நிமிஷம் நன்றாக எரியும். டெலிரியத்தின் ஏற்ற இறக்கமும் அதே மாதிரிதான் தெரியும். நன்றாக எரிகிற அந்த ஒரு நிமிஷத்தில் வார்டு ரவுண்ட்ஸ் வந்துவிட்டால் "தாத்தா நல்லாத்தானே பேசறாரு" என்று போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். வியாசர்பாடியில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிப் போய்விட்டது, வண்டி எதுவும் வராது. கரண்ட் இல்லை. கக்கூஸ் கோப்பையிலிருந்து தண்ணீர் எதிர்த்து வந்தது. நைனா யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். குடித்தால் போக வேண்டிவரும், போனால் மகளைக் கூப்பிட வேண்டிவரும் என்ற கூச்சம். மாத்திரை அட்டையில் ஐந்துதான் மிச்சம். நாலு வேளையை இரண்டாக்கினோம். செவ்வாய் ராத்திரி மூக்கொழுகியதும் எதிர்வீட்டிலிருந்து சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தவள் நான்.

எள் குறைந்தது. மலம் கட்டியது. நீர் வற்றி, சிறுநீரில் கிருமி சேர்ந்தது. காதில் பஞ்சு வைத்தேன். மூன்று ராத்திரி இருட்டு. இதில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் தாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் சத்தம் போடவில்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புதன், வியாழன் இரண்டு நாளும் அமைதியாகப் படுத்திருந்தார். கூப்பிட்டால் 'ம்' என்பார், கண் திறந்து மூடிக்கொள்வார். பேப்பர் கேட்கவில்லை. அலுப்பு, தூங்கட்டும் என்று விட்டோம். டெலிரியத்தில் இப்படி ஒடுங்கிப்போகிற வகை உண்டு, அதுதான் அதிகம் தவறிப்போகிறது. பார்க்கின்சன்காரர் ஏற்கெனவே மெதுவாகப் பேசுபவர், முகத்தில் உணர்ச்சி காட்டாதவர். அவர் இன்னும் கொஞ்சம் அமைதியானால் யார் கவனிப்பார்கள்? கத்துகிறவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அமைதியாக மங்குகிறவரைப் போர்த்திவிடுகிறோம்.

வெள்ளிக்கிழமைதான் சேர்த்தோம். அன்று ராத்திரி அமைதி போய் ரகளை வந்தது; அப்போதுதான் அந்த டம்ளர் தோசை. ட்ரிப்ஸைப் பிடுங்கினார். கையைக் கட்டிலோடு துணி வைத்துக் கட்டினார்கள். கட்டியதும் இன்னும் மூர்க்கமானார். வாந்தி எடுத்ததற்கு ஒரு ஊசி போட்டார்கள். காலையில் உடம்பு பலகை மாதிரி விறைத்திருந்தது. அது மெட்டோகுளோபிரமைடு என்று பிறகு தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. வெள்ளத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் கிடந்த வார்டு அது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

அந்த ஊசி செய்வது இதுதான்: எண்ணெய் இருக்கிறது, தடவ ஆளும் இருக்கிறது, கல்லின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள். எண்ணெய் கல்லில் படவே படாது. டோபமின் போய் உட்கார வேண்டிய இடத்தை மறிக்கிற மருந்துகள் பல: வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் தருகிற புரோகுளோர்பெரசின், கேஸ் மாத்திரையோடு சேர்த்து வருகிற லெவோசல்பிரைடு, கத்துகிறவரை அடக்கப் போடுகிற ஹாலோபெரிடால். மற்ற நோயாளிகளுக்கு வழக்கமாகத் தருபவைதான். பார்க்கின்சனில் இவை ஆபத்து. வாந்திக்கு டோம்பெரிடோன் போன்ற, மூளைக்குள் அவ்வளவாக நுழையாத மருந்து உண்டு. ரகளைக்கு மிகக் குறைந்த அளவில் குவெட்டியாபின் போன்றவற்றை டாக்டர்கள் பார்த்துத் தருவார்கள். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிரே போகலாம். விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகவாவது கொடுக்கப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் பார்க்கின்சன் நோயாளிகளின் அமைப்பு இதற்காகவே ஒரு இயக்கம் நடத்துகிறது: ஆஸ்பத்திரியிலும் மாத்திரை அவரவர் நேரத்துக்கு அரை மணிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். வார்டில் எட்டு, இரண்டு, எட்டு என்று தள்ளுவண்டி வருகிற நேரம், ஆறு, பத்து, இரண்டு, ஆறுக்கு ஒத்துவராது.

சனிக்கிழமை டூட்டிக்கு வந்த இளம் டாக்டர் பெண்தான் சரியான கேள்வியைக் கேட்டார். "போன வாரம் எப்படி இருந்தாங்க?" வாடகைக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். உடனே நைனாவின் பக்கம் குனிந்து, "ஐயா, ஞாயித்துக்கிழமையில இருந்து பின்னாடி சொல்லுங்க" என்றார். "ஞாயிறு... சனி..." என்றார் நைனா. அதோடு நின்றுவிட்டது. பிறகு, "சனிக்கிழமை மாவு கூட ஆட்டணும்" என்றார். கிழமையோ மாதமோ பின்னாலிருந்து சொல்லச் சொல்வது உலகம் முழுக்க டெலிரியத்துக்குச் செய்கிற கட்டில் ஓரச் சோதனை. கிழமை தெரியாமல் இல்லை. வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம். 'நேத்து இப்படி இல்லை' என்று புதன்கிழமையே நாங்கள் உணர்ந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். பார்க்கின்சனில் சிலருக்கு வழக்கமாகவே நிழலாகக் குழந்தைகளோ பூனையோ தெரிவதுண்டு. அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சட்டென்று வந்ததா, கவனம் நிற்கிறதா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

சிறுநீர்க் கிருமிக்கு மருந்து, ட்ரிப்ஸ், குடல் சுத்தம், பழைய நேரத்துக்கு லெவோடோபா. கையைக் கட்டியது அவிழ்ந்தது. கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இது ஆஸ்பத்திரி. இன்னைக்கி ஞாயித்துக்கிழமை. கடை லீவு" என்று மணிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த 'கடை லீவு'க்கு அவர் கை அடங்கியது. பழைய ஆர்டர்காரி திரும்ப வேலைக்கு வந்ததாகவே எனக்குப் பட்டது.

அம்மாவுக்குத் தெரியாமலே செய்தது ஆராய்ச்சியில் நிரூபணமானதுதான். அமெரிக்காவில் ஷாரன் இனூயி என்ற முதியோர் மருத்துவர் 1999இல் எழுபது வயதைத் தாண்டிய 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. நாள், இடம் சொல்லிக்கொண்டிருப்பது, எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடி, காது மெஷின், போதுமான தண்ணீர், தூக்க மாத்திரைக்குப் பதில் படுக்கப்போகும்போது வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடுப்பது. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் ஒரு நுணுக்கம்: வந்தபிறகு அதன் கடுமையை இவை பெரிதாகக் குறைக்கவில்லை. வருமுன் காப்பதில்தான் பலன். எங்கள் பக்கத்தில் ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து, 1799இல் வைத்தியமும் சேர்ந்து வளர்ந்த இடம். ஒரு சொம்பு கஞ்சித் தண்ணீர் மருந்துதான் என்று எங்கள் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாரம் நாங்கள் மறந்துபோனோம்.

பழகின கல்

பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் 'சரியாயிடுச்சி' என்றார்கள். நானும் அதை நம்பவே ஆசைப்பட்டேன்.

பழகின தோசைக்கல்லைத் தெரியாத ஒருவர் சோப்பு போட்டு, கம்பி நார் வைத்துத் தேய்த்துவிட்டால் என்ன ஆகும்? கல் அதே கல்தான். வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்து ஏறிய மேல்பூச்சு போய்விட்டது. வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, எண்ணெய் தடவி, நாள்கணக்கில் பழக்க வேண்டும். பெரும்பகுதி பழகிவரும். எங்காவது ஓரிடத்தில் மட்டும் அதன்பிறகு எப்போதும் ஒட்டும்.

பிரிட்டனில் நியூகாசில் ஆராய்ச்சியாளர்கள் 2024இல் வெளியிட்டதைப் படித்தபோது எனக்கு அந்த ஒட்டுகிற இடம்தான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு டெலிரியம் வந்திருக்கிறது. பார்க்கின்சன் இல்லாத முதியவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவில்தான். வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் இறப்பும் அதிகம், புதிதாக மறதி நோய் கண்டறியப்படுவதும் அதிகம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். டெலிரியம் கல்லைக் கெடுத்ததா, அல்லது ஏற்கெனவே கெட்டிருந்த கல்லைக் காட்டிக்கொடுத்ததா? மறதி நோய் உள்ளூரத் தொடங்கியவர்களுக்குத்தான் டெலிரியம் எளிதில் வரும், அது உண்மை. ஆனால் 2017இல் வந்த ஒரு ஆய்வு, பிரிட்டனிலும் பின்லாந்திலும் இறந்தபின் மூளையைத் தானம் கொடுத்த 987 பேரை எடுத்துக்கொண்டது. உயிரோடு இருந்தபோது அவர்களுடைய புத்தித்திறன் எப்படி இறங்கியது என்ற கணக்கும் கையில் இருந்தது. மறதி நோயின் தடயமும் டெலிரியமும் இரண்டும் இருந்தவர்கள், இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வருகிறதைவிட வேகமாக இறங்கியிருந்தார்கள். காட்டிக்கொடுத்ததோடு அது நிற்கவில்லை, சுரண்டியும் இருக்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மிளகாய் நெடியில் உசுப்பேறிய காவலர்கள் நெடி போன மறுநிமிஷமே அடங்கிவிடுவதில்லை. அந்த இடைவெளியில் எத்தனை நரம்பு முனைகள் போயின என்று யார் எண்ண முடியும்? ஆகவே டெலிரியம் எத்தனை நாள் நீடிக்கிறது, ஒருவருக்கு எத்தனை முறை வருகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எங்கள் இரண்டு நாளை இன்னமும் எண்ணிக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

பழக்கினோம். காலையில் வாசலில் நாற்காலி, வெயில், பேப்பர். முதலில் தலைப்பு மட்டும், பிறகு ஒரு பத்தி. பிசியோதெரபி. மதியத் தூக்கத்தை அரை மணியாகச் சுருக்கினோம், ராத்திரித் தூக்கம் ஊன்றட்டும் என்று. கடை சாத்தியபிறகுதானே பாத்திரம் துலக்க முடியும்? மூளைக்கும் ராத்திரியில்தான் துப்புரவு. குடிக்கிற தண்ணீரைப் பழைய கடைச் சொம்பால் அளந்தேன், ஒரு நாளைக்கு நாலு சொம்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்க் கோப்பை வைத்தபிறகு கூச்சத்துக்கும் இடமில்லை. மூன்றாம் மாதம் அடுப்பறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தோசை எடுக்கிற சத்தத்தை வைத்தே "ஓரம் கருகுது" என்றார். சரியாகச் சொன்னார். நான் பேசாமல் திரும்பிக்கொண்டேன்.

மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். மாத்திரை நேரம் நாலு. ஒரு வாரத்துக்கு உபரி அட்டை எங்கே இருக்கிறது. போடக்கூடாத ஊசி மருந்துகளின் பெயர்கள் பெரிய எழுத்தில். கடைசியில், இவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்று ஒரு பத்தி, புதிதாகப் பார்க்கிற டாக்டருக்கு: தானாகச் சாப்பிடுவார், கம்பு வைத்து நடப்பார், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பேப்பர் படிப்பார். சாயங்காலம் நானும் அவரும் ஆடுகிற ஆர்டர் விளையாட்டின் கணக்கும் அதில் உண்டு. நான் ஆர்டர் சொல்வேன், அவர் எழுதாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வரியை மட்டும் அவ்வப்போது அடித்துத் திருத்துகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆறாம் மாதம் 'எட்டு ஆர்டர் வரை' என்று எழுதினேன். இந்தப் பொங்கலுக்கு அதை அடித்து 'ஐந்து' என்று எழுதியிருக்கிறேன். அன்று ஐந்தையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, "ரெண்டாவது ஆளுக்கு வெங்காயம் ஆகாதும்மா" என்றார். நான் சொன்ன ஆர்டரில் அது இல்லை. கடையில் ரெண்டாவது பெஞ்சில் உட்காருகிற மில்காரர் ஒருவருக்கு ஆகாது.